பிற (குறிப்பிடுக)

படிவம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
கயிற்றில் கட்டிய பேனா, பச்சை அட்டை,
மாநகராட்சி முத்திரை போட்ட அடையாளச் சீட்டில்
ரோஸ்லெட் என்ற என் பெயர் ரோஸ்லட்டு ஆகியிருந்தது.

வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
கல்யாண மண்டபத்தில் மூன்று இரவு நாடகம்.
கலையால் நாகர்கோவிலுக்கு என்ன வரவு,
எண்ணிச் சொல்லவேண்டும்.
உள்ளே போக அனுமதி உண்டு, நேரமில்லை.
காசு கைமாறுவது வாசலுக்கு வெளியே.

ஜெனரேட்டர் வாடகைக்கு விட்ட தாணுமூர்த்தி
டீசல் கணக்கை மூன்று தடவை மாற்றினார்.
"இது வருமானவரிக்காரனுக்குப் போவுமா பிள்ளே?"
போகாது என்றேன்.
நாலாவது தொகை முந்தைய மூன்றையும்விடப் பெரிது.

தோவாளைப் பிச்சியோடு உட்கார்ந்திருந்தாள் இசக்கியம்மை.
"கச்சேரின்னா தலை நெறய வச்சிட்டு வருவாளுவ.
நாடகத்துக்கு வாறவளுவளுக்குப் பூவே வேண்டாம்."
எந்தக் கலைக்கு எத்தனை முழம் என்று
படிவம் கேட்கவில்லை.
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

டீக்கடை மைதீன் பாவா:
மற்ற நாள் நூற்றுப்பத்து, இன்று இருநூற்று அறுபது,
அதில் இடைவேளைக்கு மட்டும் தொண்ணூறு.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
சுவரைத் தாண்டி ஒரு சிரிப்பு,
லாரியிலிருந்து சல்லியைக் கொட்டியதுபோல,
முந்நூறு பேருடையது.
பால் ஆற்றிக்கொண்டிருந்த பாவாவும் சிரித்தார்.
என்னத்துக்கு என்றேன்.
"ஆருக்குத் தெரியும்?"
மிச்சச் சில்லறை தரும்போதும் அது முகத்தைவிட்டு இறங்கவில்லை.

ஒன்பதாம் கேள்வி:
இந்நிகழ்வு நடைபெறாதிருந்தால் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?
ஆட்டோ கிங்ஸ்லி:
"இதே எடத்துலதான் நிப்பேன். சவாரி இருக்காது, அம்புட்டுதான்."
அதை எழுத இடமிருந்தது.

குலசேகரம் கடைசி வண்டியின் கண்டக்டர்
பெயர் போடாதே, வேலை போயிரும் என்றார்.
மூன்றாம் இரவு பத்தரைக்கு எடுக்கவேண்டிய வண்டியை
பத்து நாற்பத்தொன்றுக்கு எடுத்தார்,
டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்று.
பதினாலு பேர் ஓடிவந்து ஏறினார்கள்.
ஒருத்தி முகத்தில் அழுகை இன்னும் காயவில்லை.
முன்னமே ஏறி உட்கார்ந்திருந்த ஆறு பேரில்
யாரும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை,
ஒருவர் மட்டும் ஜன்னல் வழி தலையை நீட்டி,
"முடிஞ்சிற்றா?" என்றார்.

பதினாலு டிக்கெட் வரவில் ஏற்றிவிட்டேன்.
பதினொரு நிமிடத்தை எங்கே ஏற்ற?
தாமதம் என்றால் செலவுப் பக்கம் போகும்.
பிற (குறிப்பிடுக) என்ற கட்டமோ
என் கட்டைவிரல் நகத்தளவு.

திங்கள்கிழமை, சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்
எல்லாவற்றையும் கூட்டி
ஒன்று புள்ளி ஏழால் பெருக்கினார்.
அது எதுக்கு சார்?
"ரூபாய் ஊருக்குள்ளேயே சுற்றும்மா."
சுற்றும்தான்.
டீசல் காசு கோட்டாற்றில் அரிசியாகும்,
அரிசிக் காசு மணவாளக்குறிச்சியில் யாரோ பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ்.
சண்டைபோட எனக்கு ஒன்றுமில்லை.
கமிஷனர் மேசையில் ஒரு தொகையை வைக்கலாம்,
சிரிப்பை வைக்க முடியாது,
தொகை இல்லையென்றால் அடுத்த வருஷம் மண்டபம் இல்லை.

எண்பத்து நாலாம் படிவம் வெறுமையாய்க் கிடந்தது.
என்னையே கேட்டு எழுதினேன்.
பெயர்: ரோஸ்லெட். இந்தத் தடவை சரியாக.
வரவு: இதையும் சேர்த்து மூவாயிரத்து முந்நூற்று அறுபது.
செலவு: ஏழு டீ, பிச்சி ஒரு முழம்,
அவள் பாவம், ஒன்றும் விற்கவில்லையே என்று.
நிகழ்வை நேரில் கண்டீர்களா?
இல்லை என்பதைச் சுழித்தேன்.

அந்தச் சிரிப்பு எதற்கென்று
உள்ளே இருந்த யாரிடமாவது கேட்கவேண்டும்
என்று ஓரத்தில் எழுதிவிட்டு,
பேனாவைக் கயிற்றோடு திருப்பிக் கொடுத்தேன்.